கடன் யாருக்கு, நட்டம் யாருக்கு? இந்திய, சீன வங்கிச் சீர்திருத்தங்கள்: நீலகிரி வாசகர்களுக்கு ஒரு விளக்கம்

2020 ஏப்ரல் 1 அன்று பத்துப் பொதுத்துறை வங்கிகள் நான்காயின. சிண்டிகேட் வங்கி கனரா வங்கியுடன் இணைந்தது. அலகாபாத் வங்கி இந்தியன் வங்கியுடனும், ஆந்திரா வங்கியும் கார்ப்பரேஷன் வங்கியும் யூனியன் வங்கியுடனும் இணைந்தன. ஓரியண்டல் வர்த்தக வங்கியும் யுனைடெட் வங்கியும் பஞ்சாப் நேஷனல் வங்கிக்குள் சென்றன. 2017இல் 27ஆக இருந்த பொதுத்துறை வங்கிகள் இன்று 12. இப்போது இவற்றையும் மேலும் இணைத்து, உலக அளவில் நிற்கக்கூடிய சில பெரிய வங்கிகளை உருவாக்க வேண்டும் என்ற பேச்சு மறுபடியும் எழுந்திருக்கிறது. அந்தப் பேச்சில் சீனா தவறாமல் இடம்பெறுகிறது. சொத்து மதிப்பில் உலகின் முதல் நான்கு வங்கிகளும் சீன அரசின் வங்கிகள். பாரத ஸ்டேட் வங்கி முதல் இருபதுக்குள்கூட இல்லை.

உதகையிலோ கோத்தகிரியிலோ கணக்கு வைத்திருக்கும் ஒருவருக்கு இது தொலைதூரத்துச் செய்தியாகத் தோன்றலாம். ஆனால் தேயிலைத் தோட்டத்தின் மேல் கடன் கிடைக்குமா, வைப்புத்தொகைக்கு என்ன வட்டி வரும், வங்கி தடுமாறினால் பணம் எவ்வளவு திரும்பும் என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை இந்தச் சீர்திருத்தங்களில்தான் இருக்கிறது. ஆகவே அடிப்படையிலிருந்து தொடங்குவோம்.

வங்கியின் கணக்கை வாசிப்பது எப்படி

1. வைப்புத்தொகை நமக்குச் சேமிப்பு. வங்கிக்கு அது கடன். நாம் கேட்கும்போது திருப்பித் தரவேண்டிய பொறுப்பு அது.

2. வங்கி பிறருக்குக் கொடுத்த கடனே வங்கியின் சொத்து. அது திரும்பி வந்தால்தான் நம் வைப்புத்தொகை பாதுகாப்பாக இருக்கும்.

3. மூலதனம் என்பது வங்கி உரிமையாளரின் சொந்தப் பணம். நட்டம் வரும்போது முதலில் கரைய வேண்டியது இதுதான். இடர் கணக்கிட்ட சொத்தில், அதாவது திரும்பி வராமல் போகும் ஆபத்துக்கு ஏற்ப எடைபோட்ட கடன் தொகையில், குறைந்தது 9 சதவீதம் மூலதனம் இருக்க வேண்டும் என்கிறது ரிசர்வ் வங்கி.

4. வட்டியோ அசலோ 90 நாளுக்கு மேல் நிலுவையில் நின்றால் அந்தக் கடன் வாராக்கடன் ஆகிறது. பயிர்க் கடனுக்கு மட்டும் நாள் கணக்குக்குப் பதிலாகப் பயிர்ப் பருவம் அளவுகோலாக அமைகிறது.

5. கணக்கிலிருந்து நீக்குவதும் தள்ளுபடி செய்வதும் வேறு வேறு. தமிழ்நாடு அரசு 2021 பிப்ரவரியில் கூட்டுறவு வங்கிகளின் 12,110 கோடி ரூபாய் பயிர்க் கடனைத் தள்ளுபடி செய்தபோது விவசாயியின் பொறுப்பு தீர்ந்தது. அந்தத் தொகையை வங்கிகளுக்குத் தரும் பொறுப்பு அரசுக்கு வந்தது. வணிக வங்கி ஒரு நிறுவனத்தின் கடனைக் கணக்கிலிருந்து நீக்கும்போது கடனாளியின் பொறுப்பு தீர்வதில்லை. வழக்கும் வசூல் முயற்சியும் தொடரும். ஆனால் வங்கி அந்த நட்டத்தைத் தன் இலாபத்திலிருந்து ஏற்கெனவே ஈடுகட்டிவிட்டது என்று பொருள்.

இனி ஒரு கணக்கு. 91 ரூபாய் வைப்பும் 9 ரூபாய் மூலதனமும் கொண்ட வங்கி 100 ரூபாயைக் கடனாகக் கொடுத்திருக்கிறது. அதில் 12 ரூபாய் வாராக்கடனாகி, பாதி மட்டுமே வசூலாகிறது. 6 ரூபாய் நட்டம். மூலதனம் 3 ரூபாயாகச் சுருங்குகிறது. இந்த நிலையில் அந்த வங்கி புதிய கடன் கொடுக்கத் தயங்கும். மூலதனத்தை மீண்டும் 9 ரூபாய் ஆக்க வேண்டுமானால் அந்த 6 ரூபாயை யாராவது தந்தாக வேண்டும். தரக்கூடியவர்கள் நான்கு தரப்பினர்: பங்குதாரர், அரசின் வழியாக வரி செலுத்துவோர், குறைந்த வட்டி வாங்கும் வைப்பாளர், ஒழுங்காகக் கட்டியும் கூடுதல் வட்டி சுமக்கும் கடனாளி. எந்த நாட்டு வங்கிச் சீர்திருத்தத்தை எடுத்தாலும், அந்த 6 ரூபாய் இந்த நால்வரில் யார் தலையில் விழுந்தது என்று கேட்டால் அதன் உண்மை வடிவம் புலப்படும்.

இரு நாடுகளும் எங்கிருந்து தொடங்கின

இந்தியா 1969 ஜூலையில் 14 தனியார் வங்கிகளையும் 1980 ஏப்ரலில் மேலும் 6 வங்கிகளையும் நாட்டுடைமையாக்கியது. நகரத்தில் ஒரு கிளை திறக்க வேண்டுமானால் வங்கியே இல்லாத ஊர்களில் நான்கு கிளைகள் திறக்க வேண்டும் என்ற விதி 1977இல் வந்து 1990 வரை நீடித்தது. அக்கிளைகள் கிராமப்புற வறுமையைக் குறைத்தன என்பதை ராபின் பர்ஜஸ், ரோஹிணி பாண்டே ஆகிய பொருளியலாளர்கள் பின்னாளில் தரவுகளோடு எடுத்துக்காட்டினர். மாவட்டத்தின் வங்கிக் கடன் பணிகளை ஒருங்கிணைக்க மாவட்டத்துக்கு ஒரு முன்னோடி வங்கி என்ற ஏற்பாடும் 1969இன் இறுதியில் பிறந்ததே. நீலகிரிக்கு அது கனரா வங்கி.

ஆனால் இதற்கு ஒரு விலை இருந்தது. 1991இல் வங்கிக்கு வந்த ஒவ்வொரு 100 ரூபாய் வைப்பிலும் 38.50 ரூபாய் அரசுப் பத்திரங்களிலும், 15 ரூபாய் ரிசர்வ் வங்கியில் ரொக்க இருப்பாகவும் முடங்க வேண்டியிருந்தது. எஞ்சியதில் 40 சதவீதம் வேளாண்மை, சிறுதொழில் போன்ற முன்னுரிமைத் துறைகளுக்கு. வட்டி விகிதங்களை ரிசர்வ் வங்கியே நிர்ணயித்தது.

சீனாவில் 1978 வரை வங்கித்துறை என்று ஒன்று இருந்ததாகவே சொல்ல முடியாது. 1948இல் தொடங்கிய சீன மக்கள் வங்கியே மைய வங்கி, வணிக வங்கி, அரசின் கருவூலக் கிளை ஆகிய மூன்று வேலைகளையும் செய்தது. 1979இல் வேளாண் வங்கியும் சீன வங்கியும் கட்டுமான வங்கியும் தனித்தனியாகச் செயல்படத் தொடங்கின. 1984இல் தொழில் வணிக வங்கி பிறந்தது. மக்கள் வங்கி மைய வங்கியாக மட்டும் எஞ்சியது. இந்த நான்கு பெரிய வங்கிகளும் நட்டத்தில் ஓடிய அரசுத் தொழிற்சாலைகளுக்குக் கட்சி, உள்ளூர் அரசு ஆகியவற்றின் ஆணைப்படி கடன் கொடுத்தன. தொழிலாளருக்குச் சம்பளம் தர வேண்டும் என்பதற்காகக் கொடுக்கப்பட்ட கடன் திரும்பி வராது என்பது கொடுக்கும்போதே தெரிந்திருந்தது.

ஆக, தொடங்கிய இடம் வேறு. இந்தியாவில் வங்கிகள் முதலில் அரசுக்கே கடன் கொடுத்தன. எஞ்சியதைத்தான் பிறருக்குக் கொடுத்தன. சீனாவில் வங்கிகள் அரசு நிறுவனங்களுக்குக் கொடுத்தன. 1990களில் இரண்டு நாடுகளும் வாராக்கடனில் மூழ்கியிருந்தன என்றாலும் காரணங்கள் ஒன்றல்ல என்பதை மறந்துவிட்டு ஒப்பிட்டால் தவறான முடிவுக்கே வருவோம்.

சீனாவின் வழி

1997இன் ஆசிய நிதி நெருக்கடி சீனத் தலைமையை உலுக்கியது. 1998இல் ஹைனான் வளர்ச்சி வங்கி மூடப்பட்டது. அதன் பிறகு நடந்தவை வேகமாக நடந்தன.

1. 1998இல் அரசு 27,000 கோடி யுவான் மதிப்புள்ள சிறப்புப் பத்திரங்களை வெளியிட்டு நான்கு வங்கிகளுக்கும் மூலதனம் ஊட்டியது.

2. 1999இல் சிண்டா, ஹுவாரோங், கிரேட் வால், ஓரியண்ட் என நான்கு சொத்து மேலாண்மை நிறுவனங்கள் தொடங்கப்பட்டன. அவை 1.4 லட்சம் கோடி யுவான் வாராக்கடனை முகமதிப்பிலேயே வாங்கிக்கொண்டன. சில காசுகூடத் தேறாத கடனுக்கும் முழு விலை கிடைத்ததால், வங்கிகளின் கணக்கிலிருந்து அத்தனையும் ஒரே வீச்சில் இறங்கியது.

3. 2003இல் தனி வங்கி ஒழுங்குமுறை ஆணையம் வந்தது. அதே ஆண்டின் இறுதியில் சென்ட்ரல் ஹுய்ஜின் என்ற அரசு முதலீட்டு நிறுவனம், நாட்டின் அந்நியச் செலாவணிக் கையிருப்பிலிருந்து 4,500 கோடி டாலரைச் சீன வங்கிக்கும் கட்டுமான வங்கிக்கும் சமமாகப் பிரித்துக் கொடுத்தது. தொழில் வணிக வங்கிக்கு 2005இல் 1,500 கோடி டாலரும் வேளாண் வங்கிக்கு 2008இல் 1,900 கோடி டாலரும் கிடைத்தன.

4. பேங்க் ஆஃப் அமெரிக்கா, கோல்ட்மேன் சாக்ஸ் போன்றவை பங்குதாரர்களாக அழைக்கப்பட்டன. கட்டுமான வங்கி 2005இலும், சீன வங்கியும் தொழில் வணிக வங்கியும் 2006இலும், வேளாண் வங்கி 2010இலும் பங்குச் சந்தைக்கு வந்தன. பெரும்பான்மைப் பங்கு அரசிடமே நின்றது. வங்கித் தலைவரைக் கட்சியே நியமித்தது.

வெறும் பத்தாண்டில், மூழ்கிய வங்கிகள் உலகின் பெரிய வங்கிகளாக நிமிர்ந்தன. நம் நாட்டில் பலரும் வியப்பது இந்த வேகத்தைத்தான்.

ஆனால் அந்த 1.4 லட்சம் கோடி யுவான் எங்கே போனது? மேலாண்மை நிறுவனங்கள் வாராக்கடனை வாங்கியபோது பெருமளவுக்குப் பணமாகத் தரவில்லை. பத்தாண்டுப் பத்திரங்களாகக் கொடுத்தன. பத்தாண்டு முடிந்தபோது அவற்றால் திருப்பிக் கட்ட இயலவில்லை. முதிர்வுக் காலம் மேலும் பத்தாண்டு நீட்டிக்கப்பட்டது. அந்த நிறுவனங்களில் ஒன்றான ஹுவாரோங், பழைய கடனை வசூலிக்கும் வேலையைத் தாண்டிப் புதிய சூதாட்டங்களில் இறங்கியது. அதன் தலைவர் லாய் சியாவ்மின் ஊழல் வழக்கில் 2021 ஜனவரியில் மரண தண்டனைக்கு உள்ளானார். 2020இல் மட்டும் அந்நிறுவனம் 10,000 கோடி யுவானுக்கு மேல் நட்டம் காட்டியது. அரசு நிறுவனங்களே அதை மீட்டன.

2008இன் உலக நெருக்கடியின்போது சீனா அறிவித்த 4 லட்சம் கோடி யுவான் ஊக்கத் திட்டத்தின் பெரும்பகுதி வங்கிக் கடனாகவே வெளியேறியது. உள்ளூர் அரசுகள் தாங்கள் நேரடியாகக் கடன் வாங்க முடியாததால் நிதி நிறுவனங்களைத் தொடங்கி அவற்றின் பெயரில் வாங்கின. அந்தச் சுமை இன்றும் இறங்கவில்லை. 2025இல் சீன நிதியமைச்சகம் மறுபடியும் 50,000 கோடி யுவான் சிறப்புப் பத்திரம் வெளியிட்டு, சீன வங்கி, கட்டுமான வங்கி, போக்குவரத்து வங்கி, அஞ்சல் சேமிப்பு வங்கி ஆகிய அரசு வங்கிகளுக்கு மூலதனம் சேர்த்தது என்பதிலிருந்தே, 1998இல் தொடங்கிய வேலை முடியவில்லை என்று அறியலாம்.

இந்தியாவின் வழி

இந்தியச் சீர்திருத்தத்துக்கு இப்படி ஒரே நேர்க்கோடு கிடையாது. மூன்று அலைகளாகப் பிரித்துக்கொள்ளலாம்.

முதல் அலை, நிதித்துறைச் சீர்திருத்தத்துக்காக அரசு அமைத்த 1991இன் நரசிம்மம் குழுவோடு தொடங்கியது. அரசுப் பத்திரக் கட்டாயம் படிப்படியாகக் குறைந்து இன்று 18 சதவீதத்தில் நிற்கிறது. வாராக்கடன் எது என்பதற்கு 1992-93இல்தான் தெளிவான வரையறை வந்தது. அந்த அளவுகோலை வைத்துப் பார்த்தபோது 1993 மார்ச்சில் பொதுத்துறை வங்கிகளின் கடனில் 23 சதவீதத்துக்கு மேல் வாராக்கடன் என்று தெரிந்தது. 1993இல் புதிய தனியார் வங்கிகளுக்குக் கதவு திறந்தது. எச்டிஎஃப்சி, ஐசிஐசிஐ, இன்று ஆக்சிஸ் என்று அழைக்கப்படும் யுடிஐ வங்கி ஆகியவை அப்போது பிறந்தவை. 1994இல் 2 லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட கடன்களின் வட்டியை வங்கிகளே நிர்ணயிக்கலாம் என்றானது. முன்னுரிமைத் துறைக் கடனை 40 சதவீதத்திலிருந்து 10 சதவீதமாகச் சுருக்கச் சொன்ன குழுவின் பரிந்துரையை மட்டும் அரசு ஏற்கவில்லை. மலைமாவட்டச் சிறு விவசாயிகளின் பக்கமிருந்து பார்த்தால், நரசிம்மம் குழு அறிக்கையில் ஏற்கப்பட்ட பரிந்துரைகளைவிட ஏற்கப்படாத அந்த ஒன்றே அதிக நன்மை செய்தது என்பது என் கணிப்பு.

இரண்டாவது அலை வசூல் சட்டங்களின் அலை. 1993இல் கடன் வசூல் தீர்ப்பாயங்கள் வந்தன. 2002இன் சர்ஃபாசி சட்டம் நீதிமன்றத்துக்குப் போகாமலே பிணைச் சொத்தைக் கைப்பற்றும் அதிகாரத்தை வங்கிகளுக்கு அளித்தது. இவை இருந்தும் 2003க்குப் பின் மின்சாரம், எஃகு, சாலை ஆகிய துறைகளில் பெரிய குழுமங்களுக்கு அள்ளிக் கொடுக்கப்பட்ட கடன்கள் அடுத்த பத்தாண்டில் அழுகத் தொடங்கின. வங்கிகள் அவற்றை மறுசீரமைப்பு என்ற பெயரில் நல்ல கடனாகவே காட்டிவந்தன.

மூன்றாவது அலை 2015இல் ரகுராம் ராஜன் ரிசர்வ் வங்கி ஆளுநராக இருந்தபோது நடத்திய சொத்துத் தர ஆய்வு. மறைத்து வைக்கப்பட்டிருந்தவை வெளிவந்தன. 2018 மார்ச்சில் பொதுத்துறை வங்கிகளின் மொத்த வாராக்கடன் 14.6 சதவீதமாக உயர்ந்தது. 2016இல் திவால் சட்டம் வந்தது. 2016-17 முதல் 2020-21 வரை அரசு ஏறத்தாழ 3.1 லட்சம் கோடி ரூபாய் மூலதனம் செலுத்தியது. அதில் மிகப் பெரும்பகுதி சீனாவைப் போலவே பத்திரங்களின் வழியாக நடந்தது. இணைப்புகள் நடந்தன. 2024 மார்ச்சில் எல்லா வணிக வங்கிகளின் மொத்த வாராக்கடன் 2.8 சதவீதமாக இறங்கியது. 2023-24இல் பொதுத்துறை வங்கிகள் 1.41 லட்சம் கோடி ரூபாய் இலாபம் ஈட்டின.

இந்த 2.8 சதவீதத்தைப் படிக்கும்போது ஒன்றை மனத்தில் கொள்ள வேண்டும். 2014-15 தொடங்கிப் பத்து நிதியாண்டுகளில் வங்கிகள் 16.35 லட்சம் கோடி ரூபாயைக் கணக்கிலிருந்து நீக்கியதாக நிதியமைச்சரே நாடாளுமன்றத்தில் தெரிவித்தார். வாராக்கடன் விகிதம் குறைந்ததற்கு வசூல் ஒரு காரணம். நீக்கம் இன்னொரு காரணம். திவால் சட்டத்தின் வழியே தீர்வு கண்ட வழக்குகளில் கடன் கொடுத்தோருக்குத் திரும்பியது, ஒப்புக்கொள்ளப்பட்ட கோரிக்கைத் தொகையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே.

நட்டம் யார் தலையில் விழுந்தது

இப்போது அந்த 6 ரூபாய்க் கேள்விக்குத் திரும்பலாம்.

சீனாவில் அதைப் பெரிதும் சுமந்தவர் வைப்பாளர். 2004 அக்டோபரில் ஓராண்டு வைப்புக்கு வட்டி 2.25 சதவீதம், ஓராண்டுக் கடனுக்கு வட்டி 5.58 சதவீதம். இரண்டையும் அரசே நிர்ணயித்தது. அந்த ஆண்டின் பணவீக்கம் 3.9 சதவீதம். 100 யுவானை வங்கியில் போட்ட குடும்பம் ஆண்டு முடிவில் உண்மை மதிப்பில் இழந்தது. வங்கியோ ஒவ்வொரு 100 யுவானிலும் 3 யுவானுக்கு மேல் இடைவெளியில் சம்பாதித்தது. அந்த உறுதியான இடைவெளியே பழைய நட்டத்தை ஆண்டாண்டாக அடைத்தது. கடன் வட்டியின் கீழ்வரம்பு 2013இலும் வைப்பு வட்டியின் மேல்வரம்பு 2015இலும்தான் நீக்கப்பட்டன. மூலதனம் வெளிநாட்டுக்குப் போகத் தடை, பங்குச் சந்தையில் நம்பிக்கையின்மை. சேமிக்க வேறு வழியில்லாத குடும்பங்கள் வீடுகளை வாங்கிக் குவித்தன. இன்றைய சீன வீட்டுச் சந்தை நெருக்கடியின் வேர்களில் ஒன்று இந்தக் குறைந்த வட்டி. இவ்வளவு பெரிய சுமை ஏற்றப்பட்டபோது, ஏற்றலாமா என்று யாரும் மக்களைக் கேட்கவில்லை. கேட்கும் மன்றமும் இல்லை.

இந்தியாவில் அந்தச் சுமை பிரிந்து விழுந்தது. அரசு செலுத்திய மூலதனம் நாடாளுமன்றத்தில் கணக்குக் காட்டப்பட்டது; வரி செலுத்துவோர் அதை அறிந்தே சுமந்தனர். வங்கிகளின் இலாபம் பல ஆண்டுகள் நீக்கத்துக்கே போனதால் பங்குதாரர்கள் சுமந்தனர். பொதுத்துறை வங்கியில் முதன்மைப் பங்குதாரர் அரசு என்பதால் அதுவும் நம்மிடமே திரும்பியது. மூன்றாவது பங்கு வெளியே தெரியாதது. வங்கிகளுக்குத் தான் கொடுக்கும் குறுகியகாலக் கடனுக்கான ரெப்போ வட்டியை ரிசர்வ் வங்கி குறைத்தபோதும் வங்கிகள் கடன் வட்டியைக் குறைக்கத் தயங்கின. ஒழுங்காகக் கட்டிய வீட்டுக் கடனாளியும் சிறுதொழில் செய்பவரும் கூடுதலாகக் கட்டினர். அதனால்தான் 2019 அக்டோபரிலிருந்து இத்தகைய மிதக்கும் வட்டிக் கடன்களை ரெப்போ போன்ற வெளி அளவுகோலோடு கட்டாயமாக இணைத்தது ரிசர்வ் வங்கி.

இந்தியாவின் தாமதத்தை நான் புகழவில்லை. 2003க்கும் 2015க்கும் இடையில் மறைத்த ஒவ்வோர் ஆண்டும் நட்டத்தைப் பெருக்கியது. ஆனால் இங்கே நட்டத்தின் அளவும் அது விழுந்த இடமும் பெரும்பாலும் பொதுவெளிக்கு வந்தன; கேள்வி கேட்க முடிந்தது. சீனாவிடமிருந்து வேகத்தை மட்டும் கடன் வாங்க விரும்புவோர், அந்த வேகத்தைச் சாத்தியமாக்கியது வைப்பாளரின் வாய்மூடிய நிலைதான் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

வங்கி விழும்போது

தமிழ்நாட்டு வாசகர்களுக்கு அருகிலுள்ள எடுத்துக்காட்டு 1926இல் கரூரில் தொடங்கிய லட்சுமி விலாஸ் வங்கி. 2020 நவம்பரில் பணம் எடுக்க 25,000 ரூபாய் வரம்பு விதிக்கப்பட்டு, சில நாள்களிலேயே சிங்கப்பூரின் டிபிஎஸ் வங்கியின் இந்தியப் பிரிவோடு அது இணைக்கப்பட்டது. வைப்பாளர் எதையும் இழக்கவில்லை. பங்குதாரர்களின் முதலீடு முழுதும் அழிந்தது. மும்பையின் பிஎம்சி கூட்டுறவு வங்கியில் அப்படி நடக்கவில்லை. 2019 செப்டம்பரில் முதலில் 1,000 ரூபாய் மட்டுமே எடுக்கலாம் என்றார்கள். காப்பீட்டு வரம்பான 5 லட்சத்துக்கு மேல் வைத்திருந்தவர்கள் மிச்சத்தைப் பெறப் பத்தாண்டு வரை காத்திருக்கும் திட்டமே கடைசியில் வந்தது.

சீனாவில் வைப்புக் காப்பீடு 2015இல்தான் வந்தது. வரம்பு 5 லட்சம் யுவான். 2019 மே மாதம் பாவ்ஷாங் வங்கியை ஒழுங்குமுறை அமைப்பு கைப்பற்றியபோது தனிநபர் வைப்புகள் முழுதும் காக்கப்பட்டன. பெரிய நிறுவனங்களின் தொகை வெட்டப்பட்டது. 2022இல் ஹெனான் மாகாணத்தின் சில கிராமிய வங்கிகளில் பணம் முடங்கியபோது வைப்பாளர்கள் செங்சோவில் தெருவுக்கு வந்தனர்; அதன் பின்னரே படிப்படியாகப் பணம் வழங்கப்பட்டது. இரு நாடுகளிலும் பெரிய வங்கியின் வைப்பாளருக்கு அரசின் நிழல் உண்டு. சிறு வங்கி, கூட்டுறவு வங்கி வைப்பாளருக்குக் காப்பீட்டு வரம்பே எல்லை.

நிலமும் பிணையும்: கூடலூரும் சீனக் கிராமமும்

சீர்திருத்தத்தின் மறுபாதி, கடன் யாருக்குப் போகிறது என்பது. வாராக்கடன் விதிகள் கடுமையாகும்போது வங்கி இயல்பாகவே உறுதியான பிணை உள்ளவரைத் தேடும். சீனாவின் நான்கு பெரிய வங்கிகள் 1990களின் இறுதியில் வட்டார அளவிலான ஆயிரக்கணக்கான கிளைகளை மூடிவிட்டுப் பெருநகரங்களை நோக்கி நகர்ந்தன.

நீலகிரியில் பிணைக்குத் தடை நிலத்திலேயே இருக்கிறது. ஜென்மம் என்ற பரம்பரை நிலவுடைமையை ஒழித்த 1969இன் கூடலூர் ஜென்மம் நிலங்கள் ஒழிப்புச் சட்டத்தின் 17ஆவது பிரிவின் கீழ்வரும் ஆயிரக்கணக்கான ஏக்கருக்கு இன்னும் பட்டா தீர்வாகவில்லை. அந்த நிலத்தில் தலைமுறையாகத் தேயிலையும் காப்பியும் மிளகும் பயிரிடுவோர், இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய குடும்பங்கள் உட்பட, பட்டாவோ சிட்டாவோ காட்ட முடியாததால் வங்கியின் முதல் கேள்வியிலேயே நின்றுவிடுகிறார்கள். பட்டா இருக்கும் குன்னூர், கோத்தகிரி விவசாயிக்கும் வேறொரு சிக்கல் உண்டு: சர்ஃபாசி சட்டம் விவசாய நிலத்துக்குப் பொருந்தாது. அது விவசாயியைக் காக்கும் விதி. அதே காரணத்தால் பெரிய தொகைக்கு அந்த நிலத்தைப் பிணையாக ஏற்க வங்கி தயங்கவும் செய்கிறது. மிச்சமிருப்பது நகைக்கடன்.

சீன விவசாயியின் நிலையும் இதற்கு ஒப்பானது. நிலம் கிராமக் கூட்டுக்குச் சொந்தம். விவசாயிக்கு ஒப்பந்த உரிமை மட்டுமே. நீண்ட காலம் அதை அடகுவைக்க முடியாது. 2015இன் இறுதியில் 200க்கு மேற்பட்ட வட்டாரங்களில் சோதனை தொடங்கி, 2018இல் திருத்தப்பட்ட ஊரக நில ஒப்பந்தச் சட்டம் மூன்று உரிமைகளைப் பிரித்தது: உடைமை கூட்டுக்கு, ஒப்பந்த உரிமை குடும்பத்துக்கு, பயிரிடும் உரிமை கைமாற்றத்தக்கது. கடன் தவறினால் பயிரிடும் உரிமையை வங்கி சில ஆண்டுகளுக்கு வேறொருவருக்குக் கொடுக்கலாம்; ஒப்பந்த உரிமை குடும்பத்தைவிட்டுப் போகாது. பட்டா வழக்கு முடியும்வரை காத்திராமல், பயிரிடும் உரிமைக்கு மட்டும் ஒரு சான்று தந்து கடன் பெற வழி செய்ய முடியுமா என்று கூடலூருக்காகவும் யோசிக்கலாம்; காட்டு நிலச் சிக்கல் இருப்பதால் அது எளிதல்ல, ஆனால் யோசிக்கத் தகாததும் அல்ல.

சீனாவில் இன்னொரு பாதையும் திறந்தது. அலிபாபா குழுமத்தோடு தொடர்புடைய மைபேங்க் 2015இல் தொடங்கியது. மூன்று நிமிடத்தில் விண்ணப்பம், ஒரு நொடியில் முடிவு, மனிதத் தலையீடு பூச்சியம் என்பதே அதன் முறை. பிணைக்குப் பதிலாகக் கடைக்காரரின் அன்றாட விற்பனைப் பதிவைப் பார்த்து அது சிறு கடன் கொடுக்கிறது.

நீலகிரியின் சிறு தேயிலை விவசாயியிடம் இதற்கு இணையான பதிவு ஏற்கெனவே இருக்கிறது. அவர் பறித்த பச்சைத் தேயிலை ஒவ்வொரு முறையும் தொழிற்சாலையில் எடைபோடப்பட்டுப் பதிவாகிறது. குன்னூர் ஏலத்தின் சராசரியை ஒட்டித் தேயிலை வாரியம் மாதந்தோறும் விலை அறிவிக்கிறது. கூட்டுறவு இணையமான இன்ட்கோசர்வின் கீழுள்ள 16 கூட்டுறவுத் தொழிற்சாலைகளில் உறுப்பினரின் பல ஆண்டு வழங்கல் கணக்கு உண்டு. அந்தக் கணக்கை அடிப்படையாகக் கொண்டு, தவணையை இலைப் பணத்திலிருந்தே பிடித்துக்கொள்ளும் கடனுக்கு நிலப்பிணை அவசியமில்லை. ரிசர்வ் வங்கி 2024இல் அறிவித்த ஒருங்கிணைந்த கடன் இடைமுகம், பல துறைகளின் தரவுகளை ஒரே இடத்தில் கடன் கொடுப்போருக்குக் காட்டும் ஏற்பாடு. அதில் நிலப் பதிவுகளோடு பச்சைத் தேயிலை வழங்கல் கணக்கும் சேர்க்கப்பட்டால் மலைக்கு அது உண்மையான சீர்திருத்தமாகும். நிலப் பதிவு மட்டுமே அளவுகோலானால் கூடலூர் மறுபடியும் வெளியே நிற்கும்.

இதிலும் நட்டக் கேள்வி உண்டு. மைபேங்கின் முதன்மைப் பங்குதாரரான ஆன்ட் குழுமம் தன் இணையத் தளத்தின் வழியே போன கடன்களில் ஏறத்தாழ 2 சதவீதத்தை மட்டுமே தன் கணக்கில் வைத்துக்கொண்டு மிச்ச இடரைக் கூட்டாளி வங்கிகளிடம் விட்டிருந்தது. 2020 நவம்பரில் அதன் பங்கு வெளியீடு நிறுத்தப்பட்ட பிறகு, கூட்டுக் கடனில் தளம் குறைந்தது 30 சதவீதம் சுமக்க வேண்டும் என்று விதி வந்தது. 1990களின் இறுதியில் பச்சைத் தேயிலை விலை சரிந்ததைக் கண்ட மாவட்டம் இது. விலை விழும் ஆண்டில் தவணையை யார் தாங்குவது என்று முன்பே எழுதிவைக்காத எந்தத் தரவுக் கடனும் விவசாயியின் வயிற்றில்தான் போய் அடிக்கும்.

மேலும் இணைப்பு வந்தால் கவனிக்க வேண்டியவை

1. வைப்புக் காப்பீடு ஒரு வங்கிக்கு ஒரு நபருக்கு 5 லட்சம் ரூபாய்; 2020 பிப்ரவரிக்கு முன் அது 1 லட்சமாக இருந்தது. ஒரே வங்கியின் எல்லாக் கிளைகளிலும் உள்ள தொகை கூட்டப்படும். இரு வங்கிகளில் தலா 5 லட்சம் வைத்திருப்பவருக்கு, அவ்விரண்டும் இணைந்தால், காப்பீடு மொத்தமே 5 லட்சம்தான்.

2. ஒரே ஊரில் இணையும் வங்கிகளின் இரண்டு கிளைகள் இருந்தால் ஒன்று மூடப்படும் வாய்ப்பு அதிகம். சமவெளியில் அடுத்த கிளைக்குப் போவது ஒரு பேருந்துப் பயணம். மழைக்காலத்தில் மண் சரிந்து பாதை அடைபடும் மலையில் அது ஒரு நாள் கூலி.

3. 1998இல் வந்த இரண்டாவது நரசிம்மம் குழு, வலுவான வங்கிகளைத் தம்முள் இணைக்கலாம், நலிந்த வங்கியை மீட்கும் வழியாக இணைப்பைப் பயன்படுத்தக் கூடாது என்றது. எந்த இணைப்பு அறிவிக்கப்பட்டாலும் இரண்டு வங்கிகளின் வாராக்கடன் விகிதத்தையும் அருகருகே வைத்துப் பார்த்தால் அது எந்த வகை என்பது தெரிந்துவிடும்.

4. வேளாண்மைக்கு 18 சதவீதம், அதனுள் சிறு, குறு விவசாயிக்கு 10 சதவீதம் என்ற இலக்கு வங்கி முழுவதற்குமானது. பெரிய வங்கி அதை வேறு மாநிலத்துச் சமவெளியில் எட்டிவிட்டு நீலகிரியைத் தவிர்க்கலாம். ஆகவே முன்னோடி வங்கி ஆண்டுதோறும் வெளியிடும் மாவட்டக் கடன் திட்டத்தில் கேட்க வேண்டியவை மூன்று: இம்மாவட்டத்தில் திரட்டிய வைப்பில் எவ்வளவு இங்கேயே கடனாகத் திரும்பியது, வேளாண் கடன் என்று காட்டப்படும் தொகையில் நகை அடகின் பேரில் கொடுத்தது எவ்வளவு, தேயிலைச் செடி மாற்றி நடுவது போன்ற நீண்டகாலத் தேவைக்குப் போனது எவ்வளவு.